டக் நீர்நில வண்டியைப் புதுப்பித்தல்: உதிரிபாகம் தேடுவது முதல் அணைக்கட்டுச் சோதனை வரை

தென்னாப்பிரிக்காவில் பழைய படைவண்டிகளைப் புதுப்பிப்பவர்கள் பெரும்பாலும் சாமில் லாரி, பஃபல், கேஸ்பிர் இவற்றில் கை பழகியவர்கள். எல்லாமே தரைவண்டிகள். ராட்டெல் கவச வண்டிகூட 1.2 மீட்டர் ஆழம் வரை ஆற்றில் இறங்கிக் கடக்குமே தவிர மிதக்காது. அந்தப் பழக்கத்தில் நீர்நில வண்டியைத் தொட்டால், இன்ஜினுக்கும் கியர்பெட்டிக்கும் பணத்தைக் கொட்டிவிட்டு ரப்பர் உறையையும் கிளாம்பையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். இங்கே வரிசையே தலைகீழ். இன்ஜின் நின்றால் வண்டி மிதந்துகொண்டு நிற்கும், கயிறு கட்டி இழுத்துவிடலாம். ஒரு கிளாம்ப் நழுவினால் வண்டியே இருக்காது.

இந்த வழிகாட்டி இரண்டாம் உலகப் போர்க்கால டியுகேடபிள்யூ வண்டிக்கானது. எல்லோரும் ‘டக்’ என்றே சொல்கிறார்கள். கண்டிப்பாகச் சொன்னால் இது தாக்குதல் வண்டி இல்லை, கப்பலிலிருந்து கரைக்குச் சரக்கு கொண்டுவந்த லாரி. ஆனால் தனியார் வாங்கி வைத்துக்கொள்ளக்கூடியதும், பாகம் கிடைக்கக்கூடியதும் இதுதான். உடல் அடைப்பு, பம்ப், சோதனை பற்றிச் சொல்வதெல்லாம் பிஆர்டிஎம்-2 போன்ற சோவியத் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் பொருந்தும்.

எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது

பாகம் தேடுவதற்கு முன் வண்டியின் பிறப்பைத் தெரிந்துகொள்வது காசை மிச்சப்படுத்தும். 1942இல் ஜிஎம்சி நிறுவனத்தின் சிசிகேடபிள்யூ என்ற இரண்டரை டன் ஆறுசக்கர லாரியின் உறுப்புகளை எடுத்து, ஸ்பார்க்மன் அண்ட் ஸ்டீஃபன்ஸ் என்ற படகு வடிவமைப்பு நிறுவனத்தின் ராட் ஸ்டீஃபன்ஸ் முதலானோர் வரைந்த இரும்பு உடலுக்குள் வைத்தார்கள். மொத்தம் 21,147 டக் வண்டிகள் செய்யப்பட்டன. தாய் லாரியோ ஐந்து லட்சத்துக்கும் மேல். அதனால் இன்ஜின், ஐந்து வேக கியர்பெட்டி, பிரேக் போன்றவற்றின் பெரும்பாலான பாகங்களை லாரிப் பாகமாகத் தேடினால் எளிதாகவும் மலிவாகவும் கிடைக்கும். ‘டக் பாகம்’ என்று கேட்ட உடனே விலை ஏறும். டக் வண்டிக்கு மட்டுமே உரியவை வேறு: புரொப்பெல்லர் கியர்பெட்டி, புரொப்பெல்லர் ஷாஃப்ட், சுக்கான், பில்ஜ் எனப்படும் உடலின் அடிப்பள்ளத்தில் தேங்கும் நீரை இறைக்கும் பம்ப், ஷாஃப்ட் உறைகள், சக்கரத்துக்குக் காற்று கொண்டுபோகும் இணைப்புகள். வாங்கும் முன் வண்டியில் இவை முழுமையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இன்ஜினே இல்லாத வண்டியை வாங்கலாம். புரொப்பெல்லர் கியர்பெட்டி இல்லாத வண்டியை யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

கவச நீர்நில வண்டிகளின் வரலாறும் உதிரிபாகத்தின் வரலாறுதான். டொனால்ட் ரோப்லிங் ஃப்ளோரிடாவில் புயல்வெள்ள மீட்புக்காக 1935இல் செய்த ‘அலிகேட்டர்’ வண்டியிலிருந்துதான் எல்விடி-1 என்ற அமெரிக்கப் படையின் நீர்நில வண்டி வந்தது. உப்புநீரும் மணலும் அதன் சங்கிலித் தடத்தைச் சீக்கிரமே தின்றுவிட்டன. அதனால் எல்விடி-2இல் தேய்ந்ததைக் கழற்றி மாற்றும்படி போல்ட்டில் பூட்டிய அலுமினியக் கட்டைகளைத் தடத்தில் வைத்தார்கள். இன்ஜினையும் கியர்பெட்டியையும் ஸ்டூவர்ட் டாங்கியிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். களத்தில் இரண்டுக்கும் ஒரே பாகக் கிடங்கு போதும். எதிர்த்திசையில் போன கதை அமெரிக்கக் கடற்படைவீரர் பிரிவின் ஈஎஃப்வி என்ற கவச நீர்நில வண்டி. நீரில் மணிக்கு 25 கடல்மைல் வேகம் வேண்டும் என்று 2,700 குதிரைத்திறன் இன்ஜின் வைத்தார்கள். 2006 சோதனையில் சராசரியாக நாலரை மணி நேரத்துக்கு ஒரு முறை பணியைக் கெடுக்கும் அளவு பழுது வந்தது. 2011 ஜனவரியில் திட்டத்தைக் கைவிட்டார்கள். இப்போது அவர்கள் எடுத்திருக்கும் ஏசிவி, இத்தாலிய இவெக்கோ நிறுவனத்தின் எட்டுச் சக்கர வண்டியை அடிப்படையாகக் கொண்டது.

படி 1: காகிதம்

பயன்படுத்திய வண்டியையும் பயன்படுத்திய பாகத்தையும் தென்னாப்பிரிக்காவுக்குள் கொண்டுவர, பொருள் கப்பலேறும் முன்னமே ஐடாக் எனப்படும் பன்னாட்டு வணிக நிர்வாக ஆணையத்தின் இறக்குமதி அனுமதி வேண்டும். பொருள் டர்பன் துறைமுகத்தில் இறங்கிய பிறகு விண்ணப்பித்தால் கிடங்கு வாடகையே பொருளின் விலையைத் தாண்டிவிடும். கவசமோ ஆயுதத் தாங்கியோ உள்ள வண்டி என்றால் 2002ஆம் ஆண்டின் 41ஆம் எண் மரபு ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று: பழைய கேஸ்கெட், பிரேக் லைனிங், கிளட்ச் தட்டு இவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். 2008 முதல் ஆஸ்பெஸ்டாஸ் பொருளை இந்நாட்டுக்குள் கொண்டுவரத் தடை உண்டு. ‘திறக்காத பழைய பெட்டி’ என்று பெருமையாக விற்கப்படும் கேஸ்கெட் செட்டைத் தொடாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத தாளை வாங்கி வெட்டிக்கொள்ளலாம். போர்க்கால மீட்டர்களின் இருட்டில் ஒளிரும் முள்ளிலும் எண்ணிலும் ரேடியம் இருக்கலாம். கண்ணாடியைத் திறந்து சுரண்ட வேண்டாம்.

படி 2: பாக எண்

மூன்று வகை எண்கள் கண்ணில் படும். ஒன்று ஜெனரல் மோட்டார்ஸின் சொந்த எண். இரண்டாவது படையின் பாகப் பட்டியல் குழு: டக் வண்டிக்கு ஜி-501, தாய் லாரிக்கு ஜி-508. பராமரிப்புக் கையேடு டிஎம் 9-802. இந்த ஏட்டின் படியெடுப்பு இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூட வாங்காதீர்கள்.

மூன்றாவது வகை, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய படைக் கிடங்கு எண். 1974க்கு முன் 11 இலக்கம், பிறகு 13 இலக்கம். முதல் நான்கு இலக்கங்கள் பொருளின் வகை: 2530 என்றால் பிரேக், ஸ்டியரிங், ஆக்சில், 3110 பேரிங், 4320 பம்ப், 5330 கேஸ்கெட்டும் சீலும். 13 இலக்க எண்ணில் அடுத்த இரண்டு இலக்கங்கள் எந்த நாடு எண் கொடுத்தது என்பதைச் சொல்லும். 00, 01 அமெரிக்கா, 99 பிரிட்டன், 18 தென்னாப்பிரிக்கா. உள்ளூர் ஏலத்தில் 5330-18 என்று தொடங்கும் சீல் பொட்டலம் வந்தால் அது இங்கேயே பட்டியலிடப்பட்டது. பெரும்பாலும் சாமில், ராட்டெல் குடும்பத்துக்காக இருக்கும். அளவு ஒத்துப்போனால் எடுத்துக்கொள்ளலாம்.

ரப்பர் பொட்டலத்தில் ரப்பர் பதப்பட்ட காலாண்டும் ஆண்டும் அச்சாகியிருக்கும். பிரிக்காத பொட்டலத்தில் நைட்ரைல், நியோப்ரீன் ரப்பருக்கு 15 ஆண்டு கணக்கு. அதற்கு மேல் பழையது எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் காட்சிப் பொருள்தான். 1944 பெட்டியில் வரும் ஷாஃப்ட் உறையை மாதிரியாக வைத்துப் புதிதாகச் செய்யுங்கள், பூட்டாதீர்கள்.

பேரிங்குக்கும் சீலுக்கும் எண் தேடி அலையத் தேவையில்லை. உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் வெர்னியரில் அளந்து டர்பனின் ஜேக்கப்ஸ் பகுதியில் உள்ள பேரிங் கடையில் கொடுத்தால் போதும். அங்குல அளவைப் பக்கத்து மில்லிமீட்டருக்குச் சரிசெய்துகொள்ளலாம் என்ற நினைப்பு மட்டும் வேண்டாம். அரை மில்லிமீட்டர் தளர்ந்த சீல் தரையில் எண்ணெயை நிறுத்தும், நீரை நிறுத்தாது.

அமெரிக்கக் குழாய் மரைக்கும் நம் கடைகளில் கிடைக்கும் பிரிட்டிஷ் குழாய் மரைக்கும் உள்ள குழப்பம் பல வண்டிகளை நனைத்திருக்கிறது. அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 மரை. கையால் திருகினால் அழகாக ஏறும். ஆனால் அமெரிக்க மரையின் கோணம் 60 டிகிரி, பிரிட்டிஷ் 55. டெஃப்லான் சுற்றி இறுக்கினால் பட்டறையில் கசியாது. வண்டி குலுங்கிய ஒரு மாதத்தில் கசியும். மற்ற அளவுகளில் வித்தியாசம் தானே காட்டிக்கொடுத்துவிடும்: கால் அங்குலத்தில் 18க்கு எதிராக 19, ஒரு அங்குலத்தில் பதினொன்றரைக்கு எதிராக 11. மரைச் சீப்பு ஒன்று வாங்கி, உடலில் உள்ள ஒவ்வொரு குழாய் இணைப்பையும் சோதியுங்கள். முன்பு யாரோ இங்கே பழுதுபார்த்த வண்டி என்றால் தவறான பொருத்தம் ஒன்றாவது இருக்கும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

படி 3: உடலின் ஓட்டைக் கணக்கு

உடல் தகடு 1.6 முதல் 3.2 மி.மீ. கனம். எண்பது ஆண்டுத் துருவுக்கு இது மெலிசு. உட்புறத்தைச் சுத்தமாகக் கழுவி, மீயொலிக் கனமானியால் 30 செ.மீ. கட்டங்களாக அளந்து சுண்ணாம்புக்கட்டியால் எண்ணைத் தகட்டிலேயே எழுதுங்கள். மூலக் கனத்தில் கால்பங்குக்கு மேல் போயிருந்தால் அந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத்தகடு பற்றவைக்க வேண்டும். பழைய தகட்டின் மேலேயே இன்னொரு தகட்டை ஒட்டிப் பற்றவைப்பது வேகமான வேலைதான். ஆனால் இரண்டுக்கும் நடுவே ஈரம் தங்கி, மூன்றாவது மழைக்காலத்தில் இரண்டும் சேர்ந்து போகும். மிக் வெல்டிங், 0.8 மி.மீ. கம்பி, 25 மி.மீ. துண்டுகளாக இடம் மாற்றி மாற்றிப் பிடியுங்கள். ஒரே ஓட்டமாகப் பற்றவைத்தால் தகடு அப்பளமாக நெளிந்துவிடும்.

பிறகு ஓட்டைகள். வண்டியைச் சுற்றி வந்து நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு திறப்பையும் எண்ணிட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள்: ஆக்சில்களுக்குப் போகும் ஷாஃப்ட் துளைகள், புரொப்பெல்லர் ஷாஃப்ட், சுக்கான் தண்டு, ஸ்டியரிங் கை வெளியேறும் இடம், வடிகால் அடைப்பான்கள், ஆயில் மாற்றவும் அடிப்பாகத்தை எட்டவும் விட்ட மூடிகள், பிரேக், காற்று, ஆக்சில் மூச்சுக் குழாய்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே விட்டம், என்ன கொண்டு அடைத்திருக்கிறது, கடைசியாக மாற்றிய தேதி. தேவையில்லாத மூடிகளைத் தகடு வைத்துப் பற்றவைத்து நிரந்தரமாக அடைத்துவிடுங்கள். ஆயில் மாற்றுவது கொஞ்சம் சிரமமாகும். ஆகட்டும்.

இந்த நோட்டு ஏன் முக்கியம் என்பதற்குக் கணக்கு இது. நீர்மட்டத்திலிருந்து 60 செ.மீ. கீழே 10 மி.மீ. துளை ஒன்று இருந்தால் நிமிடத்துக்குச் சுமார் 10 லிட்டர் நுழையும். 25 மி.மீ. வடிகால் அடைப்பானைப் பூட்ட மறந்தால் 60 லிட்டர். 100 மி.மீ. விட்டமுள்ள ஷாஃப்ட் உறை கழன்று சுற்றிலும் 5 மி.மீ. இடைவெளி விட்டால் நிமிடத்துக்கு 190 லிட்டருக்கு மேல், அதாவது ஏழு நிமிடத்தில் ஒரு டன்னும் மூன்றில் ஒரு பங்கும்.

படி 4: ஷாஃப்ட் உறைகள்

டக் வண்டியில் ஆக்சில்கள் உடலுக்கு வெளியே தொங்குகின்றன, இன்ஜின் உள்ளே இருக்கிறது. ஆக்சில் மேலும் கீழும் அசைய அசைய, ஷாஃப்ட்டும் உடல் துளையும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். அந்த அசைவைத் தாங்கியபடி நீரைத் தடுப்பது ரப்பர் உறை ஒன்றுதான்.

1999 மே 1 அன்று அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஹாமில்டன் ஏரியில் 1944இல் செய்யப்பட்ட சுற்றுலா டக் ஒன்று, நீரில் இறங்கி ஏழு நிமிடத்தில் மூழ்கியது. 21 பேரில் 13 பேர் இறந்தார்கள். பின்புற ஷாஃப்ட் உறை கழன்றிருந்தது. சரியாகப் பழுதுபார்த்துப் பராமரிக்காததே காரணம் என்று அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு சொன்னது. இறப்பு இவ்வளவு கூடியதற்குக் காரணம் வண்டிக்கு மேல் போட்டிருந்த நீண்ட கூரை. அது ஆட்களை உள்ளேயே பிடித்து வைத்துவிட்டது. வெயிலுக்கு ஒரு கூரை போட்டுவிடலாமே என்று டர்பன் கோடையில் யாருக்கும் தோன்றும். தரையில் போடுங்கள், நீரில் இறங்கும் முன் கழற்றிவிடுங்கள்.

உறைக்கான ரப்பர்: நியோப்ரீன், உள்ளே துணி வலை வைத்தது, 3 முதல் 4 மி.மீ. கனம். கடைக்காரர் ஈபிடிஎம் ரப்பரைப் பரிந்துரைப்பார், ஏனென்றால் வெயிலுக்கு அது நல்லது. ஆனால் ஆக்சில் எண்ணெயும் பெட்ரோலும் பட்டால் அது ஊதி மெத்தென்று ஆகும். பில்ஜில் எண்ணெய் படாத டக் கிடையாது. நைட்ரைல் எண்ணெய்க்கு நல்லது, வெயிலில் வெடிக்கும். நியோப்ரீன் இரண்டையும் ஓரளவு தாங்கும் நடுவழி.

பொருத்தும் முறை. உறை உட்காரும் உலோக விளிம்பைத் துரு நீங்கத் தேய்த்து, பள்ளம் இருந்தால் பற்றவைத்துக் கடைந்து, எப்பாக்சி பூசிக் காயவிடுங்கள். பள்ளத்தின் மேல் ரப்பரை எவ்வளவு இறுக்கினாலும் நீர் வழி கண்டுகொள்ளும். வண்டி தன் எடையில் சக்கரத்தில் நிற்கும்போதுதான் உறையை மாட்ட வேண்டும். ஜாக்கியில் தூக்கி ஆக்சில் தொங்கும்போது மாட்டினால், இறக்கியதும் உறை ஒரு பக்கம் மடிந்து ஷாஃப்ட்டில் உரசும். ஒவ்வொரு முனையிலும் இரண்டு கிளாம்ப், திருகுகள் எதிரெதிர்ப் பக்கம் இருக்கும்படி. கிளாம்ப் 316 தர ஸ்டெயின்லெஸ். மலிவான கிளாம்பில் பட்டை மட்டும் ஸ்டெயின்லெஸ், திருகு சாதா இரும்பு. கடையிலேயே ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், திருகு ஓடிவந்து ஒட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 12 மி.மீ. பட்டைக்குச் சுமார் 5 நியூட்டன் மீட்டர் இறுக்கம். அதிகமானால் பட்டையின் ஓரம் ரப்பரை வெட்டும். 24 மணி நேரத்தில் ரப்பர் அமுங்கித் தளரும், மறுநாள் கட்டாயம் மீண்டும் இறுக்கிப் பார்க்க வேண்டும். இந்த மறுநாள் இறுக்கத்தைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். கடைசியாகத் திருகின் மேல் ஒரு கோடு பெயின்ட் இழுத்து வையுங்கள். கோடு உடைந்திருந்தால் திருகு சுழன்றிருக்கிறது என்று டார்ச் அடித்த உடனே தெரியும்.

புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைச் சுற்றிக் கயிற்று வளையங்களைத் திணித்து நீரைத் தடுக்கும் கயிற்று அடைப்புக்கு வேறு விதி. கயிற்றை 45 டிகிரியில் வெட்டி, ஒவ்வொரு வளையத்தின் மூட்டும் அடுத்ததன் மூட்டுக்கு நேரே வராமல் வையுங்கள். ஓடும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு விழ வேண்டும். சொட்டே விழாமல் இறுக்கினால் கயிறு கருகி ஷாஃப்ட்டில் பள்ளம் விழும். ஏற்கெனவே பள்ளம் விழுந்திருந்தால் ஷாஃப்ட்டை உருவி எடுத்துப் பற்றவைத்துக் கடைய வேண்டும். உதட்டுச் சீல் உட்காரும் இடங்களில் மட்டும் கால் மி.மீ. கனமுள்ள ஸ்டெயின்லெஸ் மெல்லுறை ஏற்றித் தப்பிக்கலாம்.

படி 5: ஆக்சிலும் சக்கரமும்

சாலையில் ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி வெற்றிடம் உண்டாகும். அது சீலின் உதடு வழியே நீரை உறிஞ்சும். சீல் புதிதாக இருந்தாலும் உறிஞ்சும். அதனால் ஆக்சிலின் மூச்சுத்துளையில் குழாய் பூட்டி, அதன் மறுமுனையை உடலுக்குள் நீர்மட்டத்துக்கு மேலே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். குழாயில் சேறோ குளவிக்கூடோ அடைத்திருக்கிறதா என்று ஊதிப் பாருங்கள். நீரில் இறங்கும் முன் 20 நிமிடம் நிழலில் நிறுத்துவது காசில்லாத வைத்தியம்.

நீர் போய்விட்டதா என்பதை எண்ணெயின் நிறத்தை வைத்து மட்டும் தீர்மானிக்காதீர்கள். பால்போல் வெளுத்திருந்தால் போய்விட்டது உறுதி, வெளுக்காமலும் போயிருக்கலாம். ஓர் இரவு அசையாமல் நிறுத்தி, காலையில் வடிகால் பிளக்கைச் சிறிதளவு தளர்த்துங்கள். நீர் கனமானது, அதுதான் முதலில் சொட்டும்.

டயர் 11.00-18. இந்த 18 அங்குல அளவு அரிது. உள்ளூரில் 11.00-20 கிடைக்கும், ஆனால் ரிம்மையும் மாற்ற வேண்டிவரும். ஓட்டுநர் இருக்கையிலிருந்தே டயர் காற்றைக் கூட்டிக் குறைக்கும் வசதி முதலில் வந்தது இந்த வண்டியில்தான். தார்ச்சாலையில் 40 பிஎஸ்ஐ, இளமணலில் 10 வரை. சக்கர மையத்தில் சுழலும் காற்றுச் சீல்கள் தேய்ந்திருந்தால் ஆறு சக்கரமும் மெல்லக் காற்று விடும். அடைப்பான் வைத்து அந்த வசதியை முடக்கி ஓட்டினாலும் பாதகமில்லை. கரையேறும்போது சிக்கினால் கையால் காற்றை இறக்குங்கள்.

படி 6: பம்ப், மின்சாரம், எச்சரிக்கை

மூல பில்ஜ் பம்புகள் இரண்டு. இரண்டும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டிலிருந்து ஓடுபவை. நீர் இறைக்கும் அளவில் அவற்றைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இன்ஜின் நின்றால் பம்பும் நிற்கும், நீர் ஏறும் நேரத்தில்தான் இன்ஜின் நிற்கும். ஹாமில்டன் ஏரி விபத்துக்குப் பிறகு அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கேட்டது இதைத்தான்: இன்ஜினைச் சாராத மின்பம்புகள், மிச்சமிருக்கும் மிகப் பெரிய திறப்பு வழியே நுழையக்கூடிய நீரை இறைக்கும் அளவுக்கு, தனித்தனியாக இயங்கும் எச்சரிக்கை மணிகள், எந்த அடைப்பைக் கழற்றிப் பூட்டினாலும் தண்ணீரில் வைத்துச் சோதனை.

உங்கள் நோட்டைத் திறந்து மிகப் பெரிய திறப்பைப் பாருங்கள். 190 லிட்டர் என்றால் அதுவே இலக்கு. மணிக்கு 2,000 அமெரிக்க காலன் என்று பெட்டியில் போட்டிருக்கும் படகு பம்ப், கணக்குப்படி நிமிடத்துக்கு 126 லிட்டர். குழாய் வளைவு, ஏற்ற உயரம், பேட்டரி தளர்ச்சி எல்லாம் போக மூன்றில் இரண்டு பங்குதான் கையில் வரும். அப்படியானால் மூன்று பம்ப் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ், தனிக் குழாய். மூன்றையும் ஒரே வெளிக்குழாயில் சேர்த்தால் ஒன்றையொன்று தள்ளி மூன்றும் மந்தமாகும்.

வண்டியின் மூல மின்சாரம் 6 வோல்ட். படகு பம்ப் எல்லாம் 12 அல்லது 24. மூலத்தைக் கெடுக்காமல், பம்பும் மணியும் மட்டும் ஓடத் தனி 12 வோல்ட் பேட்டரியை உடலின் உயர்ந்த இடத்தில் வையுங்கள். பில்ஜில் பெட்ரோல் ஆவி தங்கும் என்பதால் பொறி பறக்காத வகையென்று முத்திரையிட்ட கடல் பம்பைத்தான் வாங்க வேண்டும். கார் ஃபேன் மோட்டாரை அங்கே பூட்டுவது தற்கொலை. இன்ஜினைக் கிளப்பும் முன் காற்றூதியை நான்கு நிமிடம் ஓடவிட்டு, மூடிகளைத் திறந்து முகர்ந்து பாருங்கள்.

நீர்மட்டச் சுவிட்சும் மணியும் ஒவ்வொரு அறைக்கும் ஒன்று வேண்டும். ஓட்டுநர் இருக்கையிலிருந்து பில்ஜ் தெரியாது. கால் நனையும்போதுதான் தெரியும் என்றால் ஏற்கெனவே பல நூறு லிட்டர் ஏறியிருக்கும்.

2020 ஜூலை 30 அன்று கலிஃபோர்னியாவுக்கு அப்பால் சான் கிளமெண்டே தீவருகே அமெரிக்கப் படையின் ஏஏவி கவச வண்டி ஒன்று மூழ்கி 9 பேர் இறந்தார்கள். ஒற்றைப் பெரிய ஓட்டை எதுவும் அதில் இல்லை. பல இடத்தில் சிறு கசிவு, கியர்பெட்டிப் பழுது, வேலை செய்யாத அவசர விளக்கு, வெளியேற்ற உத்தரவில் தாமதம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டன. உலகின் பெரிய படை ஒன்றின் பட்டறையிலிருந்து வந்த வண்டி அது. சின்னக் கசிவுதானே என்று நோட்டில் எழுதாமல் விடும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மிதவைக் கட்டைகள் பற்றியும் கேள்வி வரும். காலி வண்டி சுமார் 6.2 டன். மூழ்கிய இரும்பு தன் எடையில் எட்டில் ஒரு பங்கை இழக்கும் என்று பிடித்தால், முழுதும் நீர் நிறைந்தும் மிதக்க ஏறக்குறைய ஐந்தரை கன மீட்டர் நுரைக்கட்டை வேண்டும். சரக்குத் தளத்தின் பெரும்பகுதி போய்விடும். பாதியளவு வைத்தாலும் மூழ்கும் வேகம் குறையும், ஆட்கள் வெளியேற நேரம் கிடைக்கும். உடலுக்குள் ஊற்றி உறையும் நுரையைத் தவிருங்கள். அது தகட்டோடு ஈரத்தைப் பிடித்து வைத்துத் துருவை மறைக்கும். கழற்றி எடுக்கக்கூடிய பாலிஎத்திலீன் கட்டைகள் போதும்.

படி 7: இன்ஜின்

ஜிஎம்சி 270, ஆறு சிலிண்டர், சுமார் 4.4 லிட்டர். எரியும் வரிசை 1-5-3-6-2-4. அழுத்தம் குறைந்த இன்ஜின், டர்பனில் கிடைக்கும் எந்தப் பெட்ரோலையும் குடிக்கும். ஈயம் கலந்த பெட்ரோல் 2006 தொடக்கத்தில் இந்நாட்டில் நின்றுவிட்டதால், சிலிண்டர் தலையைக் கழற்றும் வாய்ப்பு வரும்போது கடின வால்வு இருக்கைகளைப் பதித்துவிடுங்கள். நீரில் அடிக்கடி வருவது சூடேறுதல். காற்று உள்ளே வரும், வெளியே போகும் மூடிகளைச் சிலர் அலைக்குப் பயந்து சாத்திவிடுகிறார்கள். ரேடியேட்டருக்குக் காற்று வேறு வழியாக வராது. மற்றதெல்லாம் சாதாரண லாரி வேலை.

படி 8: சோதனை

முதல் சோதனை இருட்டில். உடலுக்குள் பலமான விளக்கை வைத்து, வெளியே ஒருவர் அடியில் படுத்து வெளிச்சம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். ஊசித்துளைகூட நட்சத்திரமாகத் தெரியும். இரண்டாவது சோப்புநீர்: மேல்மூடிகளை டேப் ஒட்டி அடைத்து, இலையூதியால் உள்ளே காற்றைத் தள்ளி, ஒவ்வொரு உறையிலும் மூட்டிலும் சோப்புநீர் தெளியுங்கள். நுரை பொங்கும் இடத்தில் கசிவு. மூன்றாவது, அடிப்பள்ளத்தில் 200 லிட்டர் நீர் ஊற்றி ஓர் இரவு விடுங்கள். அதற்கு மேல் ஊற்ற வேண்டாம், உடல் வெளியிலிருந்து வரும் அழுத்தத்துக்குத்தான் கட்டப்பட்டது.

மிதக்கும் சோதனையை டர்பன் கடற்கரையில் செய்யவே செய்யாதீர்கள். அங்கே அலை வண்டியைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். இனாண்டா, மிட்மார் போன்ற அணைக்கட்டில், நிர்வாகத்திடம் அனுமதி பெற்று, காற்றில்லாத காலையில் இறங்குங்கள். படகாகப் பதிவு செய்வதும் ஓட்டுநர் தகுதிச் சான்றும் சாம்சா எனப்படும் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தின் கையில். அவர்களிடம் முன்கூட்டியே பேசுங்கள். தாழ்வான பகுதி நன்னீரில் பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணிப் புழுநோய் உண்டு, அடியில் புகுந்து பார்ப்பவர் ரப்பர் உடை அணியட்டும்.

சாய்தளத்தில் இறங்கும் முன் வடிகால் அடைப்பான்களை ஒருவர் உரக்க எண்ண, இன்னொருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். பின்கொக்கியில் கயிறு கட்டி, கரையில் ஒரு கனமான லாரியோடு பிணையுங்கள். பாக்கி எனப்படும் சிறு பிக்கப் வண்டி போதாது. முதல் முறை ஓட்டுநர் மட்டும், உயிர்காப்பு உடையோடு, கதவு மூடி எதுவும் தலைக்கு மேல் இல்லாமல். சக்கரம் தரையை விட்டு எழும் ஆழம் வரை மட்டும் போய், இன்ஜினை அணைத்து, பம்பை நிறுத்திப் பத்து நிமிடம் காத்திருந்து, ஒவ்வொரு அறையிலும் அளவுகோலால் நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கயிற்று அடைப்பின் சொட்டைத் தவிர வேறு நீர் கண்ணில் பட்டால் அன்றைய வேலை அதோடு முடிந்தது, கரையேற்றுங்கள். நன்றாக இருந்தால் இன்ஜினைக் கிளப்பிப் புரொப்பெல்லரைச் சுழற்றி இன்னொரு பத்து நிமிடம்; அதிர்வில் கழல்வது அப்போதுதான் தெரியும்.

கரையேறிய பிறகு வடிகால்களைத் திறந்து வெளியேறும் நீரை வாளியில் பிடித்து அளந்து நோட்டில் எழுதுங்கள். அடுத்த முறை அது கூடினால் ஏதோ ஓர் உறை போய்க்கொண்டிருக்கிறது. பிரேக்கை மிதித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டி டிரம்மைக் காயவிடாமல் சாலையில் ஏறாதீர்கள். உப்புநீரில் போயிருந்தால் நன்னீரால் கழுவி, சக்கர பேரிங்குகளைப் பிரித்துக் கிரீஸ் மாற்ற வேண்டும். வெண்கலப் புரொப்பெல்லர் பக்கத்து இரும்பைத் தின்னாமலிருக்க உடலில் துத்தநாகக் கட்டி பூட்டுங்கள். அணைக்கட்டின் நன்னீரில் துத்தநாகம் சரியாக வேலை செய்யாது, அங்கே மெக்னீசியம்தான்.

வண்டியிலேயே எப்போதும் இருக்க வேண்டிய பெட்டி: ஒவ்வொரு அளவிலும் ஓர் உறை, எட்டு கிளாம்ப், எல்லா வடிகால் அடைப்பான்களுக்கும் மாற்று, கூம்பு வடிவ மரக்கட்டைகள் சிறிதும் பெரிதுமாக ஆறு, அவற்றை அடிக்க ஒரு சுத்தியல், கை பம்ப், நீரில் நனையாத டார்ச் இரண்டு, கயிற்று அடைப்புக்கு ஒரு மீட்டர் கயிறு, ஃபியூஸ், உயிர்காப்பு உடையின் பட்டையை வெட்ட ஒரு கத்தி. கத்தியைப் பெட்டிக்குள் போடாதீர்கள், ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் கை எட்டும் இடத்தில் கட்டி வையுங்கள்.